நான் கொடுத்த சுருதி

ஒரே பஸ்ஸில் வருஷக்கணக்காக ஊர் ஊராகப் போகிற ஆட்களுக்குள் சண்டை வந்தால், அது பெரும்பாலும் ஜன்னலைப் பற்றித்தான் இருக்கும், மிஸ்டர் டுகன். எங்கள் பிடில்காரன் லானிக்கு எந்தக் குளிரிலும் காற்று வேண்டும். பாஸ் கிட்டார் வாசிக்கும் ஹோமர் பிக்கெட்டுக்குக் காற்றுப் பட்டால் காது வலிக்கும். ஒருவன் திறப்பான், இன்னொருவன் மூடுவான். எங்கள் பாடகி ஓபல் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொல்வாள்: "ரெண்டு பேரையும் டிக்கில போட்டு மூடிடுவேன். அங்க ஜன்னலே கிடையாது." இருபத்தெட்டு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை அதுதான். நாங்கள் நல்ல குழு. ஓபல் டீன் ராஸ்கோவின் பின்னால் நின்று வாசித்த கேட்போஸ்ட் பாய்ஸ் மாதிரி ஒற்றுமையான ஆட்கள் டென்னசியிலேயே கிடையாது என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் கடைசி வாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் காய்ச்சலில் கிடந்தபோது நான் ஏன் டாக்டரைக் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதை மட்டும் தனியாகச் சொன்னால் நான் கெட்டவன் என்று தோன்றிவிடும். கொஞ்சம் முன்னாலிருந்து வந்தால் நியாயம் உங்களுக்கே தெரியும். ஷெரிப் ஆபீஸ்தான் என்றாலும் எனக்கு வக்கீல் வேண்டாம். வக்கீலுக்குச் சுருதியைப் பற்றி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

நான் வாசிப்பது ஸ்டீல் கிட்டார். தோளில் மாட்டுகிற கிட்டார் அல்ல. சின்ன மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும். அதன் முன்னால் உட்கார்ந்து, கம்பிகளின்மேல் ஓர் எஃகுத் துண்டை நகர்த்திக்கொண்டே காலால் மிதியை மிதிக்க வேண்டும். கன்ட்ரி பாட்டில் பாடுகிறவர் அழக் கூடாத இடத்தில் அவருக்குப் பதிலாக அழுவது அதுதான். அதைச் சுருதி சேர்க்க நேரம் பிடிக்கும் என்பதால், மற்றவர்கள் எல்லாரும் என்னிடம்தான் சுருதி வாங்குவார்கள். நான் ஒரு கம்பியை மீட்டுவேன். ஹோமர் சேர்ப்பான், லானி சேர்ப்பான், மற்றவர்கள் சேர்ப்பார்கள். சுருதி காட்டுகிற, விளக்கு எரிகிற சின்னப் பெட்டிகள் எல்லாம் பிற்பாடு வந்தன. எங்கள் குழுவில் யாரும் அவற்றைத் தொடவில்லை. வெர்ஜில் ஸ்டாம்பரின் காது போதும் என்பார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓபலின் பண்ணைக்குப் பின்னால் ஒரு ட்ரெயிலர் வீட்டில் இருந்தேன். அவள் புருஷன் போனபிறகு வேலி அடைப்பது, தண்ணீர்க் குழாய் உறையாமல் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை அவளைச் சர்ச்சுக்கு ஓட்டிப்போவது எல்லாம் நான்தான். பெரிய காரியம் எதுவும் இல்லை. மனிதர்களைப் பிடித்து வைத்திருப்பது சின்னச் சின்ன உதவிகள்தான் என்று நான் நம்புகிறவன். இப்போதும் நம்புகிறேன்.

அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ஒரு வாசல் விளக்குப் பாட்டு. ஓடிப்போன மகளுக்காக ஒரு தாய் வாசலில் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறாள். கடைசி அடியில் 'வீட்டுக்கு வா' என்ற இடம் உச்சிக்குப் போகும். இருபத்துநாலு வயதில் அவள் அதைப் பதிவு செய்தபோது, தண்ணீர் குடிக்கிற மாதிரி சுலபமாக அங்கே போனாள். ஐம்பதைத் தாண்டிய ஒரு வருஷம், கென்டக்கியில் ஒரு சந்தைக் கச்சேரியில், அந்த இடத்தில் குரல் கீறியது. அவள் சிரித்துச் சமாளித்தாள். பஸ்ஸுக்குள் வந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நான் சுருதியை அரைக் கட்டை இறக்கிக் கொடுத்தேன்; பாட்டின் உச்சியும் அவ்வளவு கீழே வரும்.

ஹோமர் நிமிர்ந்து பார்த்தான். "என்ன வெர்ஜ், கீழ இருக்கே?"

"அப்படியே சேத்துக்கோ. ஓபல்கிட்ட யாரும் வாயத் திறக்காதீங்க."

லானி பிடிலைத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டே, "கேட்டா என்ன சொல்றது? குளிருல கம்பி சுருங்கிப்போச்சுன்னா?" என்றான்.

"கேக்க மாட்டா."

கேட்கவில்லை. கைவிரல்கள் பழைய இடத்திலேயே நகர்ந்ததால் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு 'வீட்டுக்கு வா' சுத்தமாக வந்தது. மேடையிலிருந்து இறங்கியதும், "பாத்தீங்களாடா, கிழவி தொண்டை இன்னும் துருப்பிடிக்கல," என்றாள். சாப்பிடும்போது தன் பங்குப் பீச் பழக் கேக்கில் பாதியை வெட்டி என் தட்டில் வைத்தாள். ஏன் என்று சொல்லவில்லை. பசி இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சில வருஷங்களுக்கு ஒருமுறை இன்னும் அரைக் கட்டை. கடைசியில் ஒன்றரைக் கட்டை கீழே வந்திருந்தோம். அவளைப் பேட்டி காண்கிறவர்கள் கேட்பார்கள்: இந்த வயதிலும் அதே சுருதியில் எப்படிப் பாடுகிறீர்கள்? "எல்லாம் பின்னால நிக்கிற என் பசங்க புண்ணியம்," என்பாள். பெரிய மனசோடு அப்படிச் சொல்கிறாள் என்று நினைப்பேன். உண்மையில் அது எவ்வளவு சரி என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு, மிஸ்டர் டுகன், ஒரு மனிதனுக்கு வயிறு நிறைகிற மாதிரி.

போன செப்டம்பரில் எங்களை எல்லாம் சமையலறையில் உட்காரவைத்துப் பீன்ஸும் சோள ரொட்டியும் போட்டாள். அக்டோபரில் நாஷ்வில்லில் ரேடியோ கச்சேரி இருந்தது. அதோடு மேடையை முடித்துக்கொள்கிறேன் என்றாள். எல்லாரும் எதிர்பார்த்ததுதான். பிறகு, அவள் மகள் மார்லா ஓரிகனிலிருந்து வரப்போவதாகச் சொன்னாள். இருவரும் சேர்ந்து தேவ கீதங்கள் பாடி ஒரு ரெக்கார்டு போடப் போகிறார்களாம். மார்லா சர்ச்சில் பியானோ வாசிக்கிறவள்.

"அப்ப ஸ்டீலு?" என்றான் லானி.

"இதுல ஸ்டீல் வேணாம்னு பாக்கறேன். பியானோ மட்டும். அம்மாவும் பொண்ணும்." என் பக்கம் திரும்பினாள். "வெர்ஜ், உனக்கும் முட்டியெல்லாம் வலிக்குதுல்ல. கொஞ்சம் கால நீட்டி உக்காரு. அந்த ட்ரெயிலர் உன்னுது, யாரும் உன்னக் கிளப்ப மாட்டாங்க."

"ஸ்டீல் இல்லாத ஓபலா? உப்புப் போடாத பீன்ஸ்," என்றான் ஹோமர்.

"உன் பீன்ஸுல உப்பு இருக்கா இல்லியா? தின்னு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்திரங்களைக் கழுவினேன்.

கோபம் வந்ததா என்றால் வரவில்லை. நான் யோசித்தது அவளுடைய நன்மையைத்தான். தனக்கு இன்னும் பழைய குரல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஒரு மனுஷி பியானோ முன்னால் போய் நிற்கப்போகிறாள். பியானோவை யாரும் இறக்கிக் கட்டமாட்டார்கள். அங்கே, சொந்த மகள் முன்னால் அந்த உண்மை வந்து விழும். அதைவிட, தன்னைத் தெரிந்தவர்களுக்கு நடுவில் முன்னாடியே தெரிந்துகொள்வது நல்லது இல்லையா? பியானோவிலும் கீழ்ச் சுருதியில் வாசிக்கலாமே என்று கேட்கிறீர்கள். வாசிக்கலாம்தான்.

ரேடியோ கச்சேரி சனிக்கிழமை சாயங்காலம். ஓபலுக்குச் சளி பிடித்திருந்தது. தேன் கலந்த வெந்நீரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு மேடைக்குப் பின்னாலுள்ள அறைக்கு வந்து கம்பியை மீட்டினேன். இருபத்துநாலு வயதில் அவள் பாடிய அதே சுருதி.

ஹோமரின் கை நின்றது. "இது பழைய சுருதியாச்சே."

"ஆமா. ஓபலே சொன்னா. ரேடியோல ரெக்கார்டு மாதிரியே கேக்கணுமாம்."

"அவளே சொன்னாளா? அப்ப நாம இறக்கினது அவளுக்கு..."

"அதப் பத்தி ஒண்ணும் பேசல. பழைய மாதிரி இருக்கணும்னு மட்டும் சொன்னா."

"சளி புடிச்சிருக்கு, வெர்ஜ்."

"சொன்னேன். கேக்கல. அவளப் பத்தித் தெரியாதா?"

லானி கம்பியை முறுக்கிக்கொண்டே, "அறுந்தா பில்லு ஓபல் பேர்ல," என்றான். ஒரு கம்பி அறுந்தது. மாற்றினான்.

முதல் பாட்டின் முதல் வீச்சிலேயே ஓபல் மைக்கை விட்டுத் திரும்பினாள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றாள். நான் எஃகுத் துண்டைப் பார்த்துக் குனிந்திருந்தேன். கைகளைப் பார்க்காமல் ஸ்டீல் வாசிக்க முடியாது. அவள் திரும்பிப் பாட ஆரம்பித்தாள். கீழே கீழே பதுங்கிப் போகிற பாட்டுகளை ஒருவழியாக நடத்திவிட்டாள். வாசல் விளக்குப் பாட்டுக்கு வந்தபோது எனக்கு மனசு அமைதியாக இருந்தது. தப்பாக ஒன்றும் செய்யவில்லை. ரெக்கார்டில் இருப்பதைத்தான் வாசித்தோம்.

உச்சியில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்போது முன் வரிசையில் நீலத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள், உட்கார்ந்த இடத்திலேயே, அந்த அடியைத் தன் சின்னக் குரலில் பாடினாள். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். பிறகு ஹால் முழுக்க ஓபலுக்காகப் பாடி முடித்தது. ஓபல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அழுதாள். எப்பேர்ப்பட்ட அவமானம் என்று எனக்கே பொறுக்கவில்லை.

திரும்பி வரும்போது என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் முன்னால் உட்காருகிறவள்.

"இன்னிக்கு என்ன ஆச்சு, வெர்ஜ்?"

"ஒண்ணும் ஆகல ஓபல். வயசு ஆகுது. எல்லாருக்கும் ஆகுது."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற என்ன?"

அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள். "சரி," என்றாள்.

அதற்குப் பிறகு நான் அவளைக் கவனித்துக்கொண்டேன். சளி நெஞ்சுக்கு இறங்கியது. சூப் வைத்தேன், விறகு பிளந்தேன். மார்லா போன் செய்தபோது, "அம்மா பாட்ட விட்டுட்டாம்மா. ரெக்கார்டெல்லாம் வேண்டாங்கறா. யார்கிட்டயும் பேசற நிலைமையில இல்ல. நான் பாத்துக்கறேன்," என்றேன். ஓபலிடம், மார்லா ரேடியோவில் கேட்டுவிட்டு ரொம்ப வருத்தப்பட்டாள், ரெக்கார்டை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்கிறாள் என்றேன். கூடத்தில் போன் இருந்தது. அதன் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவைத்தேன். பனியில் லைன் அறுந்துவிட்டது என்றேன். பனி பெய்தது உண்மைதான். மார்லாவுக்கு ஊர்க் கடையிலிருந்து நானே பேசிக்கொண்டேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் யாராவது நிதானமாக ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஹோமரும் அவன் மனைவி நெட்டியும் வர வேண்டும் என்றார்கள். யாரையும் பார்க்க இஷ்டமில்லை அவளுக்கு என்று சொல்லிவைத்தேன். டிசம்பரில், நான் சாமான் வாங்க ஊருக்குள் போயிருந்தபோது, ஹோமர் மட்டும் ஒருமுறை வந்துபோயிருக்கிறான். அது எனக்கு இன்று காலை நீங்கள் சொல்லித்தான் தெரியும். அதற்கு வருகிறேன்.

ஒரு நாள் சூப் குடித்துக்கொண்டே ஓபல் கேட்டாள். "வெர்ஜ், நாஷ்வில்லுல என் தொண்டை மட்டும்தானா?"

"ஏன் அதையே நினைச்சுட்டிருக்க?"

"நீ சொன்னா விட்டுடறேன்."

"தொண்டைதான் ஓபல்."

"ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும்," என்றாள். சூப்புக்கு நன்றி சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல சூப்தான் அது.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு மத்தியானம், ஸ்டீலைப் படுக்கையறைக்குக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்து வைத்தேன். ஜன்னலில் வெயில் இருந்தது. "வாசல் விளக்க வாசி," என்றாள். "நீயே பாத்து எந்தச் சுருதில வேணாலும் வாசி. நான் கூடப் பாடிப் பாக்கறேன்."

எனக்கு இரண்டு வழி இருந்தது, மிஸ்டர் டுகன். ஒன்றரைக் கட்டை கீழே வாசித்திருந்தால், அந்த நெஞ்சுச் சளியோடும் அவள் எட்டியிருப்பாள் என்றே நினைக்கிறேன். ஏன், இரண்டு கட்டைகூட இறக்கியிருக்கலாம். எட்டியிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாள். காபி கேட்டிருப்பாள். பிறகு, சாலை திறந்ததும், பியானோ இருக்கிற இடத்துக்குப் போயிருப்பாள். நான் பழைய சுருதியில் வாசித்தேன்.

அவள் வாயைத் திறந்தாள். பாடாமல் மூடிக்கொண்டாள். நான் கடைசி வரை வாசித்து முடித்தேன், நன்றாக வாசித்தேன். கையை நீட்டி என் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தாள். "பரவாயில்ல, வெர்ஜ். நேரம் இருக்கு," என்றாள். குரல் திரும்ப வரும் என்று இன்னும் நம்புகிறாளே என்று பாவமாக இருந்தது.

நேரம் அதிகம் இல்லை. ஜனவரியில் காய்ச்சல் வந்தது. மூச்சுவிடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரிச் சத்தம். "லைன் வந்துச்சான்னு பாத்து டாக்டரக் கூப்பிடேன். மார்லாவுக்கும் சொல்லிடு," என்றாள். கூடத்துக்குப் போனேன். போன் கம்பியைச் சுவரில் சொருக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் வந்தால் ஆஸ்பத்திரி என்பார். ஆஸ்பத்திரிக்கு மார்லா வருவாள். பேசிக்கொள்வார்கள். கம்பியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், லைன் வந்துவிட்டது, சொல்லிவிட்டேன், ரோடெல்லாம் பனிக்கட்டி, வருவதற்கு நேரமாகும் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் அவள் கேட்கவில்லை. நெற்றிக்கு ஈரத்துணி மாற்றினேன். தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் ஊட்டினேன். அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கடைசி நாள் காலையில் தெளிவாக இருந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"என்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா, வெர்ஜ்? எதுவா இருந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"இருக்கு," என்றேன். "எல்லாரும் போனாலும் நான் உன்ன விட்டுப் போகமாட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் என்று நினைக்கிறேன். மத்தியானம் போய்விட்டாள். போன் கம்பியைச் சொருகி உங்கள் ஆபீஸுக்குச் சொன்னது நான்தான். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். சுருதியை ஏற்றியதும் நான், அம்மாவையும் மகளையும் பிரித்ததும் நான். எதையும் மறுக்கவில்லை. அவளை வேறு யாரிடமும் விட்டுவிட மனசு வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் பின்னாலேயே உட்கார்ந்திருந்தவன் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் ஹோமர் உங்களிடம் எழுதிக்கொடுத்ததை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. டிசம்பரில் வந்தபோது ஓபல் அவனிடம் சொன்னாளாம்: அந்தக் கென்டக்கிக்கு மறுநாள், முதல் அரைக் கட்டையிலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். எங்கள் மனசு நோகக் கூடாது என்று தெரியாத மாதிரி இருந்தாளாம். நாஷ்வில்லில் ஏற்றியது யார் என்றும் முதல் வீச்சிலேயே தெரிந்துவிட்டதாம். ஹோமர் உடனே என்னிடம் வந்து சட்டையைப் பிடிக்கக் கிளம்பினானாம், அவள் தடுத்தாளாம். "வெர்ஜ் தானா வந்து சொல்லுவான். அவன் மனசு அப்படி ஒண்ணும் கெட்டதில்ல. நீ நடுவுல போய் அதக் கெடுக்காத," என்று அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாளாம். அதனால்தான் அவன் திரும்ப வரவில்லையாம்.

ஹோமர் நல்லவன். ஆனால் அவனுக்குக் காது சரியில்லை, சின்ன வயதிலிருந்தே. அவள் வேறு எதையோ சொல்லியிருப்பாள், இவன் இப்படிப் புரிந்துகொண்டிருப்பான். நான் கடைசி வரை அவள் பக்கத்திலேயே இருந்தவன், மிஸ்டர் டுகன். அவளுக்குத் தெரிந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டாளா?